கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொல்: குறிப்பெழுதி வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

போன வருடம் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்த ஒரு தங்கச்சி, ஒரு வரலாற்றுப் புத்தகத்தோடு எங்கள் வாசிகசாலைக்கு வந்தாள். கிளிநொச்சிக்குத் தெற்கே, ஏ9 வீதியிலிருந்து கிரவல் றோட்டால் உள்ளே போனால் வருகிற சின்ன வாசிகசாலை அது. சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்து வாசிப்போம். அவளுடைய புத்தகத்தை வாங்கித் திறந்தேன். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள். சில பக்கங்களில் மஞ்சள் அடிக்காத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நடுவில் ஒரு வரியைத் தொட்டு, “இதுக்கு ஏன் பிள்ளை மஞ்சள் அடிச்சனீங்கள்?” என்று கேட்டேன்.

“முக்கியமான வரி அண்ணை.”

“என்ன முக்கியம்?”

அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். முன்பக்கத்தைப் பிரட்டிப் பார்த்தாள். பிறகு, “அண்டைக்கு ஏதோ யோசிச்சுத்தான் அடிச்சனான். இப்ப ஞாபகம் வரேல்லை” என்றாள்.

நன்றாக வாசிக்கிற பிள்ளை அவள். அன்று அந்த வரியில் அவளுக்கு உண்மையாகவே ஏதோ ஒன்று பட்டிருக்கிறது. ஒரு கேள்வியாக இருக்கலாம், வீட்டில் யாரோ சொன்ன கதையோடு ஒரு பொருத்தமாக இருக்கலாம். பட்டதை எழுதவில்லை, நிறம் மட்டும் அடித்தாள். நிறம் நின்றுவிட்டது, பட்டது போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கோடு போட்டால் பக்கத்தில் ஒரு சொல்லாவது எழுதுங்கள். எழுத ஒரு சொல்லும் வரவில்லையென்றால் கோடும் வேண்டாம். இந்தக் கட்டுரையில் மிச்சம் இருப்பதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. 2013 இல் ஜோன் டன்லொஸ்கியும் இன்னும் நான்கு உளவியலாளர்களும் மாணவர்கள் பாவிக்கும் பத்துக் கற்றல் முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை வைத்து ஒப்பிட்டார்கள். நிறம் அடிப்பதும் கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் தரும் முறைகளின் வரிசையில் வந்தன. தன்னைத் தானே கேள்வி கேட்டுச் சோதிப்பதும், நாள் இடைவெளி விட்டுப் பிரித்துப் படிப்பதும் மேல்வரிசையில் வந்தன. ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி, பத்து நாள் கழித்து வந்து அதற்கு மறுமொழி சொல்லிப் பார்க்கிறவர் அந்த இரண்டையும் ஒன்றாகச் செய்கிறார்.

யாருடைய புத்தகம்?

எங்கள் வட்டத்தில் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு கமக்கார ஐயா இருக்கிறார். முதல் நாளே சொல்லிவிட்டார்: “புத்தகத்திலை கீறுறது பாவம் தம்பி. எங்களைப் படிப்பிச்ச வாத்தியார் கண்டால் கையை முறிச்சிருப்பார்.” அந்த உணர்வை நான் மதிக்கிறேன். தவறிக் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற பொருள் நமக்குப் புத்தகம். அதோடு, இந்த மண்ணில் புத்தகம் என்பது எத்தனையோ வீடுகள் இழந்த பொருளும்கூட. இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் சைக்கிளில் அரிசியையும் பாயையும் ஏற்றுவதா புத்தகப் பெட்டியை ஏற்றுவதா என்று நின்றவர்களுக்கு, கையில் மிஞ்சிய ஒரு புத்தகத்தில் பேனை வைப்பது லேசான காரியம் இல்லை.

அதனால் தொடங்கும்போது இந்த ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காசில் வாங்கிய, இன்னும் வாங்கக் கிடைக்கிற புத்தகத்தில் மட்டும் எழுதுங்கள். நூலகப் புத்தகத்தில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. அது ஊர்ச் சொத்து. பாடசாலையில் இலவசமாகத் தந்த பாடநூலும் அப்படித்தான், அடுத்த ஆண்டு இன்னொரு பிள்ளையின் கைக்குப் போகலாம். இரவல் வாங்கியது, அச்சில் இல்லாத பழைய பதிப்பு, இறந்துபோன ஒருவரின் கையெழுத்து உள்ள புத்தகம் எல்லாம் தொடாத வரிசை. அவற்றுக்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

பென்சில் காணும்

கடைக்குப் போய் ஐந்து நிற மாக்கர் வாங்க வேண்டாம். ஒரு எச்பி அல்லது 2பி பென்சில், ஒரு அழிறப்பர், ஒரு கொப்பி. அவ்வளவும் காணும். 2பி கொஞ்சம் மென்மையானது, தாளை அழுத்திக் கீறாது, நம் புத்தகங்களின் மெல்லிய தாளுக்கு நல்லது. மாக்கரும் ஜெல் பேனையும் மறுபக்கத்துக்கு ஊறும்.

பென்சிலை நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் மாரி. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வந்தபோது எங்கள் வீட்டுக்குள்ளும் முழங்காலளவு தண்ணீர் ஏறியது. அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த புத்தகங்களைப் பிறகு ஒவ்வொரு தாளாகப் பிரித்து நிழலில் காயப் போட்டோம். ஜெல் பேனையால் எழுதிய குறிப்புகள் நீலப் புகையாகப் பரவிப் போயிருந்தன. பென்சில் குறிப்புகள் அப்படியே இருந்தன. பென்சிலின் கரி தண்ணீரில் கரையாது, வெயிலிலும் வெளிறாது. எழுதும்போது கை தவறினால் அழிக்கலாம் என்பது தொடங்குகிறவருக்குத் தைரியமும் தரும்.

முதல் தரம் கை சும்மா இருக்கட்டும்

மெல்லிய ஒரு புத்தகத்தை எடுங்கள். ஓர் அத்தியாயம், பத்துப் பக்கம் அளவில். முதல் தரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஆறுதலாக வாசித்து முடியுங்கள். முதல் வாசிப்பிலேயே பென்சிலைத் தூக்கினால் எல்லா வரியும் முக்கியமாகத்தான் தெரியும். எழுதியவர் எங்கே போகிறார் என்று தெரியாமல் எது முக்கியம் என்று எப்படிச் சொல்வது?

முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நிமிடம் இருங்கள். இதில் எது மனதில் நிற்கிறது, எது விளங்கவில்லை என்று உங்களையே கேளுங்கள். அதன் பிறகு பென்சிலோடு இரண்டாம் தரம். பாடம் கேட்கிற மாணவன் இரண்டு தரம் கேட்டால் நூலில் பிழைவிடமாட்டான், மூன்று தரம் கேட்டால் மற்றவருக்கே சொல்லிக்கொடுப்பான் என்று நன்னூல் சொல்கிறது. ஒரே அத்தியாயத்தை இரண்டு தரம் வாசிக்க நேரம் எங்கே என்று கேட்பவர்களுக்கு என் மறுமொழி: பத்துப் புத்தகத்தை ஒரு தரம் வாசிப்பதைவிட ஐந்தை இரண்டு தரம் வாசியுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஒரு பக்கத்துக்கு மூன்று குறிப்புக்கு மேல் வேண்டாம். இந்த எல்லையை முதல் மாதம் கண்டிப்பாகப் பிடியுங்கள். நாலாவது எழுத வேண்டும் போல இருந்தால் முதல் மூன்றில் ஒன்றை அழியுங்கள். எதை அழிப்பது என்று யோசிக்கிற அந்த நேரத்தில்தான் அந்தப் பக்கம் உங்களுக்குப் பிடிபடும்.

உரைகாரர்களிடம் எடுத்த நாலு வேலை

என்ன எழுதுவது என்பதுதான் எல்லாருக்கும் வருகிற சிக்கல். “ஓரத்திலை என்ன எழுதுறது அண்ணை, ‘நல்ல வரி’ எண்டு எழுதவோ?” என்று கேட்பார்கள். ‘நல்ல வரி’ என்பது இன்னொரு மஞ்சள்தான்.

இதற்கு வெளியே எங்கும் தேட வேண்டாம். நம் மொழியில் உரை என்று சொல்வதே ஒருவர் மூல நூலை வரிவரியாக நின்று வாசித்து எழுதிய குறிப்பு. பரிமேலழகர் குறளுக்கும் அடியார்க்கு நல்லார் சிலப்பதிகாரத்துக்கும் எழுதியதைப் பாருங்கள். எங்கே நின்றார்கள், எங்கே சந்தேகப்பட்டார்கள், எங்கே மற்றவரோடு முரண்பட்டார்கள் என்று எல்லாம் பதிந்திருக்கிறது. அவர்கள் செய்த பல வேலைகளில் நாலை மட்டும் எடுத்து எங்கள் வட்டத்தில் பழகுகிறோம்.

முதலாவது, சொற்பொருள். சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை என்று ஒரு பழைய உரை உண்டு; எழுதியவர் பெயர்கூடத் தெரியாது. கடினமான சொல்லுக்குப் பொருள், அவ்வளவுதான் அதன் முதல் வேலை. நீங்களும் தெரியாத சொல்லைச் சுற்றி வட்டம் போட்டு ஓரத்தில் பொருளை எழுதுங்கள். அகராதி பார்த்து எழுதுவதற்கு முன் ஊகித்து எழுதுங்கள், பிறகு பார்த்துத் திருத்துங்கள். ஊகம் பிழைத்த சொல் மறக்காது. தெரிந்த சொல்லை எழுதியவர் வேறு பொருளில் ஆள்கிற இடம் இன்னும் முக்கியம். அதற்கும் வட்டம் போடுங்கள்.

இரண்டாவது, வினா. உரைகாரர்கள் ‘அஃது என்னை எனின்’ என்று தாங்களே கேள்வி எழுப்பி, தாங்களே விடை சொல்லிப் போவார்கள். நீங்கள் ‘?’ என்று ஒரு குறி மட்டும் போட்டால் காணாது. பத்து நாள் கழித்து அந்தக் குறி எதைக் கேட்டது என்று தெரியாது. கேள்வியை முழுதாக எழுதுங்கள்: ‘எந்த ஆண்டு?’, ‘யார் எண்ணினது?’, ‘பெண்களுக்கும் இதுதானா?’. மூன்று சொல்லில் ஒரு நல்ல கேள்வி அடங்கும்.

மூன்றாவது, மாறுபாடு. ஒரு வேறு கருத்தைச் சொல்ல வரும்போது உரைகாரர்கள் ‘என்பாரும் உளர்’ என்பார்கள். மரியாதையான சொல், ஆனால் முதுகெலும்புள்ள சொல். எழுதியவரோடு உங்களுக்கு ஒத்துவராத இடத்தில் ஓரத்தில் ‘உளர்’ என்று எழுதி, ஏன் என்பதற்கு இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள். அச்சில் வந்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவர்களுக்கு இதுதான் கடினமான வேலை. எங்கள் வட்டத்தில் புதியவர்கள் ஒரு மாதம்வரை ‘உளர்’ எழுதமாட்டார்கள். முதல் ‘உளர்’ எழுதுகிற நாளில் அவர்கள் வாசிக்கிற விதமே மாறியிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

நாலாவது, தொகுப்பு. சில குறள்களுக்கு உரை சொல்லி முடித்ததும் பரிமேலழகர், இத்தனை பாட்டால் இன்னது கூறப்பட்டது என்று ஒரு வரியில் கட்டிவிடுவார். அத்தியாயம் முடிகிற இடத்தில் இருக்கும் வெற்றிடத்தில் நீங்களும் அப்படி எழுதுங்கள்: ‘இதனால் ___ கூறப்பட்டது.’ ஒரே வாக்கியம். புத்தகத்தைப் பார்க்காமல் எழுத வேண்டும். எழுத வரவில்லையென்றால் அத்தியாயம் விளங்கவில்லை என்று பொருள், திரும்பப் போங்கள். நாலு வேலையில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

அச்சுப் பிழை கண்டால் திருத்திவிடுங்கள். இதற்கும் நம்மிடம் ஒரு மரபு உண்டு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பல ஏடுகளை ஒப்பிட்டு, ஏட்டுக்கு ஏடு சொல் மாறுகிற பாடபேதம் பார்த்து 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏட்டை எடுக்கும்போதே அதன் ஓரம் உதிர்ந்ததாக அவர் எழுதியிருக்கிறார். நமக்கு உதிராத ஓரம் கிடைத்திருக்கிறது, எழுதுவோமே.

ஐந்து வரியில் செய்து பார்ப்போம்

சொன்னால் மட்டும் விளங்காது. வட்டத்தில் பழகுவதற்காக நான் எழுதிய ஒரு பந்தி இது. உங்கள் கொப்பியில் பார்த்தெழுதி, இரண்டு பக்கமும் இடம் விட்டு, நீங்களே முதலில் குறிப்பெழுதிப் பாருங்கள். அப்புறம் கீழே வாசியுங்கள்.

‘வன்னியில் குளத்தைச் சுற்றித்தான் ஊர் அமைந்தது. கட்டின் கீழே வயல், வயலை ஒட்டி வீடுகள், எல்லாவற்றுக்கும் வெளியே காடு. நீர் குறைந்த ஆண்டில் எல்லோரும் தம் முழுக் காணியையும் விதைப்பதில்லை. துருசுக்கு அருகிலுள்ள நிலத்தை மட்டும் பங்கிட்டு விதைப்பார்கள். இதனால் பஞ்ச காலத்திலும் ஒருவரும் வெறுங்கையோடு நிற்கவில்லை.’

அந்தத் தங்கச்சி முதல் தரம் கடைசி வரிக்கு முழுதாகக் கோடு போட்டாள். “சரி, பக்கத்தில் என்ன எழுதப் போறீங்கள்?” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்திருந்தாள். பிறகு கோட்டை அழித்துவிட்டு ‘ஒருவரும்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் வட்டம் போட்டு, ஓரத்தில் எழுதினாள்: ‘காணி இல்லாதவர்?’

இரண்டே சொல். ஆனால் பந்தி முழுவதும் அந்த இரண்டு சொல்லில் ஆடிப்போகிறது. காணி உள்ளவர்கள் தங்களுக்குள் பங்கிட்டார்கள், சரி. கூலிக்கு நாற்று நட்டவர், நெல் அருவி வெட்டப் போனவர் அந்த ஆண்டில் என்ன செய்தார்? விதைத்த ஏக்கர் குறைந்தால் கூலியும் குறைந்திருக்கும் அல்லவா? எழுதிய எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. கோடு மட்டும் போட்டிருந்தால் ‘ஒருவரும் வெறுங்கையோடு நிற்கவில்லை’ என்பது அழகான வரியாக அவள் மனதில் தங்கியிருக்கும். வட்டமும் கேள்வியும் அதைச் சோதிக்க வைத்தன.

அடுத்து ‘இதனால்’ என்ற சொல்லைப் பாருங்கள். வாதம் செய்கிற எந்தப் புத்தகத்திலும் ‘இதனால்’, ‘ஆகவே’, ‘எனவே’ வருகிற இடத்தில் ஒரு தரம் நில்லுங்கள். பாலம் அங்கேதான் இருக்கிறது. முன்னால் சொன்னதிலிருந்து பின்னால் சொன்னது உண்மையாகவே வருகிறதா? பங்கிட்டு விதைத்ததால் மட்டும்தான் பஞ்சம் தாங்கினார்களா? காட்டில் பாலைப்பழமும் தேனும் இருந்தன, மேட்டுக்காணியில் குரக்கன் விதைத்தார்கள், மாடு இருந்தது. ஒரு மாணவர் அங்கே எழுதியது: ‘உளர். காடும் காரணம்.’ பந்தியின் இரண்டாவது வரியில் நானே காட்டைச் சொல்லிவிட்டுப் பிறகு அதை மறந்துவிட்டேன் என்பதையும் ஓர் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார். அந்த அம்புக்குறி மிக நல்ல குறிப்பு. ஒரு பக்கத்தின் இரண்டு இடங்களை இணைக்கிற கோடு, ஒரு வரியின் கீழே போகிற கோட்டைவிடப் பெறுமதியானது.

‘துருசு’ என்ற சொல்லுக்கு வவுனியா நகரத்தில் வளர்ந்த ஒருவர் வட்டம் போட்டு, ‘வான்?’ என்று ஊகித்து எழுதினார். பிறகு ஐயாவிடம் கேட்டுத் திருத்திக்கொண்டார்: துருசு என்றால் வயலுக்குத் தண்ணீர் திறக்கிற வாய், வான் என்றால் குளம் நிரம்பி வழிகிற இடம். ஊகத்தை அழிக்கவில்லை, அதன் மேல் ஒரு கோடு கீறிவிட்டுக் கீழே சரியானதை எழுதினார். அப்படித்தான் செய்ய வேண்டும்.

ஐயா மட்டும் எதுவும் எழுதவில்லை. தாளைத் திரும்பத் திரும்ப வாசித்தார். கடைசியில் பென்சிலை வாங்கி, ‘பங்கிட்டு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நடுங்கிய கையால் எழுதினார்: ‘கடைசி வாய்க்கால்காரனுக்கும்.’ துருசுக்குக் கிட்டக் காணி உள்ளவர்கள் மட்டும் விதைத்தார்கள் என்று என் வரியைப் பிழையாக எடுக்க இடம் இருந்தது. தூரத்துக் காணிக்காரருக்கும் அந்த ஆண்டு கிட்ட உள்ள நிலத்தில் பங்கு கிடைக்கும், அதுதான் முறையின் உயிரே என்று அவர் விளக்கினார். இப்போதும் சிறுபோகத்துக்கு முன்னால் கமக்காரரும் அதிகாரிகளும் கூடி, குளத்தில் உள்ள தண்ணீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானிக்கிறார்களே, அதே கணக்கு. ஒரு வாசகர் தன் வாழ்க்கையில் கண்டதைப் பக்கத்தில் வைத்தால் எழுதியவருக்கே பாடம் கிடைக்கும்.

இரவல் புத்தகமும் தொலைபேசியும்

நம்மில் அதிகம் பேர் வாசிப்பது இரவலும் நூலகப் புத்தகமும்தான். அதற்குத்தான் கொப்பி. ஒரு புத்தகத்துக்கு ஒரு புதிய பக்கத்தில் தொடங்குங்கள். மேலே புத்தகத்தின் பெயர், எழுதியவர், பதிப்பு ஆண்டு, எங்கே யாரிடம் எடுத்தது, திகதி. பதிப்பு ஆண்டை விடாதீர்கள். வேறு பதிப்பில் பக்க எண் மாறும்.

பக்கத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு. இடப்பக்கத்தில் பக்க எண்ணும் அந்த வரியின் முதல் மூன்று நாலு சொல்லும். வலப்பக்கத்தில் உங்கள் குறிப்பு. முழு வரியையும் பார்த்தெழுத வேண்டியதில்லை, எழுதிக் கை களைத்துவிட்டால் யோசிக்கப் பலம் இராது. மிகவும் பிடித்த ஒன்றிரண்டு வரியை மட்டும் முழுதாக எழுதி மேற்கோள் குறி போடுங்கள். மேற்கோள் குறி போட மறந்தால், பின்னால் அது நீங்கள் எழுதியதா அவர் எழுதியதா என்று பிரிக்க முடியாமல் போகும். கட்டுரை எழுதுகிற மாணவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

ஒட்டுத்தாள் பாவிக்கிறவர்கள் நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க முன் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வெயில் காலத்தில் பசை தாளில் பிடித்துவிடும்.

தொலைபேசியில் வாசிக்கிறவர்களுக்குச் சுருக்கமாக: நூலகம் என்ற இணைய நூலகத்தில் நம் நாட்டுத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் பெருந்தொகையாக இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சில் இல்லாத பழைய நூல்களுக்கு அதுதான் பெரிய வாசல். பிடிஎப் கோப்பில் குறிப்பெழுதச் செயலிகள் இருக்கின்றன, ஆனால் தொலைபேசி உடைந்தால் குறிப்பும் போகும். நான் திரையில் வாசித்தாலும் கொப்பியில்தான் எழுதுகிறேன்.

கதையும் கவிதையும்

மேலே சொன்னதெல்லாம் வரலாறு, அறிவியல், கட்டுரை வகைக்கு அச்சாகப் பொருந்தும். நாவலுக்கு அப்படி வேண்டாம். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி நிறுத்தி எழுதினால் கதை செத்துப்போகும். அத்தியாயம் முடிந்ததும் யார் வந்தார்கள், எது மாறியது என்று ஒரு வரி போடுங்கள். பாத்திரங்கள் நிறைய இருந்தால் பின் அட்டையின் உட்பக்கத்தில் உறவுமுறை மரம் ஒன்று கீறிக்கொள்ளுங்கள்.

பாட்டுக்கு முதல் குறிப்பு காதால் எழுதுவது. சத்தமாக வாசியுங்கள், மூச்சு நிற்கிற இடத்தில் சின்னக் கீறல் போடுங்கள். அதன் பிறகு பொருளுக்குப் போகலாம்.

பழைய இலக்கியம் வாசிப்பவர்கள் ஊரோடு சேர்த்து வாசிக்கப் பாருங்கள். முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிக்கிறார்கள். மதுரையை எரித்த கண்ணகி இங்கே வந்து தங்கினாள் என்று ஊரில் சொல்வார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்த பிறகு அவள் போவதோ சேர நாட்டுப் பக்கம். எங்கள் வட்டத்தில் ஓர் அக்கா அந்த இடத்தின் ஓரத்தில் எழுதியிருப்பது: ‘அம்மம்மா சொன்ன வழி வேறு.’ எது சரி என்று தீர்க்க அவர் அதை எழுதவில்லை. இரண்டு வழியும் ஒரே பக்கத்தில் அருகருகே இருக்கட்டும் என்று எழுதினார். அன்றிலிருந்து அம்மம்மாவிடம் கேட்டு எழுதத் தனியாக ஒரு கொப்பியும் தொடங்கிவிட்டார்.

திரும்பிப் போகும் நாள்

குறிப்பெழுதியவர்களில் பலர் பிறகு அந்தப் பக்கம் போவதே இல்லை. அதனால் எழுதுகிற நாளிலேயே திரும்பி வருகிற நாளைக் குறித்துவிடுங்கள். முதல் அட்டையின் உட்பக்கத்தில், பத்து நாள் கழித்து ஒரு திகதி, மூன்று மாதம் கழித்து ஒரு திகதி. அன்று புத்தகத்தை முழுதாக வாசிக்க வேண்டாம், ஓரங்களை மட்டும் வாசியுங்கள். அரை மணித்தியாலம் காணும். ‘கூறப்பட்டது’ வரிகளை ஒவ்வொன்றாகக் கையால் மறைத்துவிட்டு, அந்த அத்தியாயத்தில் என்ன இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். கேள்விகளில் எதற்கு இப்போது மறுமொழி தெரியும்? தெரிந்தால் கீழே எழுதித் திகதி போடுங்கள். பழைய குறிப்பு பிழையென்று தோன்றினாலும் அதை அழிக்காதீர்கள். பக்கத்தில் புதிதாக எழுதுங்கள். நீங்கள் எங்கே மாறினீர்கள் என்று உங்களுக்குக் காட்ட வேறு சாட்சி இல்லை.

கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணையும் வைத்துக்கொள்ளலாம். ‘குளம் 14, 37, 82’, ‘காணி 21, 37’ என்று சொல்லும் பக்கமும். இரண்டு நிமிட வேலை. பிறகு ஒரு விடயம் தேடும்போது அரை நாள் மிச்சம்.

கூடி வாசிக்க ஆட்கள் இருந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். எங்கள் வாசிகசாலையில் நூலகப் புத்தகங்களுக்குப் புறம்பாக ஒரு தட்டு வைத்திருக்கிறோம். எழுதுவதற்கென்றே ஊரவர்கள் தந்த புத்தகங்கள் அதில் இருக்கின்றன. யார் எடுத்தாலும் பென்சிலால் எழுதலாம், குறிப்பின் கீழே பெயரின் முதல் எழுத்தும் திகதியும் போட வேண்டும், இன்னொருவருடைய குறிப்பை அழிக்கக் கூடாது. இந்த மூன்றுதான் சட்டம். ஆறு மாதத்தில் ஒரு புத்தகத்தின் ஓரம் நிரம்பிவிடும். ஒருவர் கேட்க இன்னொருவர் சொல்லியிருப்பார், மூன்றாமவர் ‘உளர்’ போட்டிருப்பார்.

போன கிழமை அந்தத் தட்டில் இருந்த ஒரு விவசாயப் புத்தகத்தைத் திறந்தேன். பழைய நெல்லினங்கள் பற்றிய பக்கம். அந்தத் தங்கச்சியின் கையெழுத்தில் ஒரு கேள்வி: ‘மொட்டைக்கறுப்பன் விதைப்பு இங்கே எப்போது நின்றது?’ அதன் கீழே, இப்போது அவ்வளவு நடுங்காத கையால், ஐயா எழுதியிருந்தார்: ‘தெரியும். சனிக்கிழமை வந்து கேளும் பிள்ளை.’